புதுத் தண்ணீரில் மீன் ஏன் சாகிறது? – மீன் தொட்டியின் கதை

இந்த முறை எழுத எடுத்துக்கொண்டது வீட்டு மீன் தொட்டி. இதில் என்ன பெரிய வரலாறு இருக்கப்போகிறது என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு தங்கமீன்களைக் கொன்ற பிறகுதான் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். தங்கையின் பிறந்தநாளுக்கு இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கூழாங்கல், ஒரு ஏர் பம்ப், சின்னதாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆறு தங்கமீன். தொட்டியைக் கழுவி, கல்லைக் கழுவி, குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்திருந்து ஊற்றி, மறுநாள் மாலை மீன்களை விட்டோம். தங்கை ஆறுக்கும் பெயர் வைத்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கியது. ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அழுக்குதான் காரணம் என்று முழுத் தண்ணீரையும் கொட்டினேன். கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். புதுத் தண்ணீர் நிரப்பியதும் தொட்டி பளிச்சென்று இருந்தது. இரண்டு நாளில் மறுபடியும் மங்கியது. மறுபடியும் கழுவினேன். பன்னிரண்டு நாளில் ஆறும் போய்விட்டன.

வாங்கிய இடத்தில் போய்க் கேட்டால், "தண்ணி சேரல தம்பி, வேற ரெண்டு ஜோடி எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். தங்கையோ, "இனிமே மீனே வேணாம்ணா" என்று சொல்லிவிட்டாள். நான் தினமும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

எதிர்வீட்டு மாமாவின் தொட்டியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்ணாடியில் பாசி. கல்லில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு வாளித் தண்ணீர் மாற்றுவார், அவ்வளவுதான். ஏழு வருடமாக மீன்கள் நன்றாக இருக்கின்றன. சுத்தமான தண்ணீரில் மீன் சாகிறது, பழைய தண்ணீரில் பிழைக்கிறது. இது எப்படி?

இதற்குப் பதில் தேடிப் போனபோது லண்டனில் வாழ்ந்த ஓர் அப்பாவும் மகனும் கிடைத்தார்கள். இருவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். இருவரும் வேதியியலாளர்கள். அப்பா பதிலின் ஒரு பாதியைக் கண்டார். மறு பாதியைக் கண்டவர்களில் மகனும் ஒருவர். ஆனால் மகன் கண்டது அப்பாவின் தொட்டிக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

காற்றுதான் குறை என்று நினைத்த காலம்

மீனைப் பாத்திரத்தில் வளர்ப்பது பழைய பழக்கம். சீனாவில் சோங் வம்சத்துக் காலத்திலேயே தங்கமீன் வளர்த்தார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அது ஐரோப்பாவுக்கு வந்து, பணக்கார வீடுகளின் கண்ணாடிக் கிண்ணத்தில் நீந்தியது. கிண்ணத்தில் மீனைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அடிக்கடி தண்ணீர் மாற்றுவது. ஏன் மாற்ற வேண்டும் என்பதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை.

1832-ல் ழான் வில்ப்ரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, சிசிலித் தீவின் மெசினா நகரில் ஆர்கொனாட்டா என்ற கடல் உயிரியை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்தார். நவீன மீன் தொட்டியின் தொடக்கம் என்று பலர் சொல்வது இதைத்தான். ஆனால் அவர் இருந்தது கடலோரம். புதுக் கடல்நீருக்குப் பஞ்சமில்லை.

கடலிலிருந்து தூரத்தில் இருப்பவர் என்ன செய்வது? 1846-ல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவளங்களை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் கொஞ்சம்தான் இருந்தது. அதைக் கெடாமல் வைத்திருக்க ஒரு வழி கண்டார். வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம் ஊரில் டீ ஆற்றுவது மாதிரிதான். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை. பவளங்கள் பிழைத்தன. அடுத்த வருடம் கடற்பாசிகளையும் சேர்த்து வைத்தார். இன்று நம் வீட்டில் ஏர் பம்ப் செய்வது அந்தப் பெண் கையால் செய்த வேலையைத்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அப்பா வாரிங்டனின் தொட்டி

அப்பா ராபர்ட் வாரிங்டன் 1807-ல் பிறந்தவர். லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தின் ஆய்வகத்தில் வேலை. 1841-ல் லண்டன் வேதியியல் சங்கம் உருவாக முன்நின்றவர்களில் ஒருவர்.

1770-களில் ஜோசப் பிரீஸ்ட்லி, செடிகள் கெட்ட காற்றைச் சீராக்குகின்றன என்று காட்டியிருந்தார். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று 1779-ல் இங்கன்ஹவுஸ் நிரூபித்திருந்தார். காற்றில் நடப்பது தண்ணீரிலும் நடக்குமா? மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொண்டு, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொண்டால், தண்ணீரை மாற்றவே வேண்டாமே? வாரிங்டன் 1849-ல் இதைச் செய்து பார்த்தார்.

12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் பிடிக்கும் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதில் பாதிவரை தண்ணீர். அடியில் மணலும் சேறும், கொஞ்சம் சுண்ணாம்புக் கல். நாடா போன்ற நீண்ட இலை கொண்ட வாலிஸ்நேரியாச் செடி. இரண்டு தங்கமீன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் வழவழப்புப் படிந்தது. (இதைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். வாரிங்டனுக்கே கலங்கியிருக்கிறது!) ஆனால் அவர் என்னைப்போல் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவவில்லை. குளத்தில் இந்த அழுகலை யார் தின்கிறார்கள் என்று யோசித்தார். குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் வழவழப்பையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1850 மார்ச்சில் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார்.

'சமநிலைத் தொட்டி' என்ற எண்ணம் இங்கேதான் வேர் பிடித்தது. அது அழகான எண்ணம், பாதி உண்மையும்கூட. விடுபட்ட பாதி என்ன என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்றைய அறிவோடு பார்த்தால், அவருடைய தொட்டி பிழைத்ததற்கு அந்த மணலும் சேறும்கூடக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது கூட்டாளி ஒன்று இருந்தது.

மீன் தொட்டிப் பைத்தியம்

பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-ல் நீங்கியது. கண்ணாடி மலிவானது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கூடம் திறந்தார்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் மீன் தொட்டி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'அக்வேரியம்' என்ற சொல் பரவியது அந்தப் புத்தகத்தால்தான். அதன் பிறகு வரவேற்பறைதோறும் தொட்டி. கடற்கரைப் பாறைக் குட்டைகளில் இருந்ததையெல்லாம் ஜாடியில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

காஸ் கெட்டிக்காரர். உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தபோது, உடனே விலங்குகளை விடாமல், முதலில் கடற்பாசிகளை வைத்துவிட்டுப் பிறகுதான் விலங்குகளை விட்டார். புதுத் தண்ணீர் அப்படியே ஆகாது என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. வாங்கியவர்கள் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. சின்னத் தொட்டியில் நிறைய உயிர்கள், நிறைய தீனி. தொட்டிகள் நாறின, உயிர்கள் செத்தன. 1860-களில் மோகம் அடங்கிப்போனது. காஸின் மகன் எட்மண்ட் காஸ், 1907-ல் வெளியான 'தந்தையும் மகனும்' என்ற நூலில், தான் சிறுவயதில் பார்த்த அந்தப் பாறைக் குட்டைகள் சேகரிப்பவர்களால் எப்படிப் பாழாயின என்று வருத்தத்தோடு எழுதினார். செத்தது என் ஆறு மீன் மட்டும் இல்லை. தண்ணீரைப் புரிந்துகொள்ளாமல் வைத்த தொட்டிகளுக்காக ஒரு கடற்கரையே காலியாகியிருக்கிறது.

விடாமல் முயன்றவர்களும் உண்டு. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் லண்டனில் தொட்டி விற்கும் கடை வைத்திருந்தவர். 1871-ல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தை அமைத்தவர் இவரே. காட்சித் தொட்டிகளில் இருந்ததைப்போல் பல மடங்கு தண்ணீரை நிலத்துக்கடியில் இருட்டுத் தேக்கத்தில் வைத்து, பம்பு மூலம் இடைவிடாமல் சுற்றவிட்டார். பழைய தண்ணீரைக் கொட்டவில்லை, சுற்றவிட்டார். அது வேலை செய்தது.

மகன் வாரிங்டனின் மண்

இனி மகன். 1838-ல் பிறந்தவர். அப்பா அந்த நத்தைகளை விட்ட 1849-ல் இவருக்கு 11 வயது. வேதியியலை அப்பாவின் ஆய்வகத்தில்தான் கற்றார். ஆனால் மீன் பக்கம் போகவில்லை, விவசாயத்துக்குப் போனார். ரோதம்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற பண்ணை ஆய்வு நிலையத்தில் 1876 முதல் வேலை.

அங்கே இருந்த கேள்வி வேறு. வயலில் சாணம் போடுகிறோம். அதில் இருப்பது அம்மோனியா. ஆனால் மண்ணில் பிறகு கிடைப்பது நைட்ரேட். இது எப்படி மாறுகிறது? வெடியுப்பு நமக்குத் தெரியும். பழைய மாட்டுத் தொழுவத்து மண்ணிலிருந்து அதை எடுப்பார்கள். அதுவும் நைட்ரேட்தான். மாட்டு மூத்திரம் மண்ணில் கிடந்து வெடியுப்பாக மாறுவதைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் தெரியாது. காற்றும் மண்ணும் சேர்ந்து நடக்கும் வெறும் ரசாயன மாற்றம் என்றுதான் வேதியியலாளர்கள் எண்ணினார்கள்.

1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்பும் நிரப்பி, அதன் வழியாகச் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக ஒழுகவிட்டார்கள். 20 நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. மேலே போன அம்மோனியா கீழே அப்படியே வந்தது. பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. சீக்கிரமே அம்மோனியா முழுக்க மறைந்துபோனது.

வெறும் ரசாயனம் என்றால் 20 நாள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? முதல் நாளே நடந்திருக்குமே? ஏதோ ஒன்று வளர்வதற்குத்தான் அந்த 20 நாள் என்று அவர்கள் ஊகித்தார்கள். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றுபோனது. குளோரோஃபார்மை நீக்கிய பிறகும் திரும்பவில்லை. பிறகு தோட்டத்து மண்ணைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். மறுபடியும் நைட்ரேட் வந்தது. ஆக, இதைச் செய்வது உயிருள்ள ஒன்று.

நண்பர்களே, இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மணல் நிரம்பிய அந்தக் குழாய் என் தொட்டியின் ஃபில்டர். 20 நாள் என்பது நான் தராத அவகாசம். குளோரோஃபார்ம் என்பது நான் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய கழுவல், ஏனென்றால் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் இருக்கிறது. தோட்டத்து மண் என்பது எதிர்வீட்டு மாமாவின் பழுப்புப் படிந்த கல்.

மகன் வாரிங்டன் அடுத்த வருடமே, 1878-ல், ரோதம்ஸ்டெட்டில் இந்தச் சோதனைகளை உறுதிப்படுத்தினார். வெளிச்சம் பட்டால் இந்த மாற்றம் தடைபடுகிறது, இருட்டில் நன்றாக நடக்கிறது என்றும் கண்டார். (லாய்டின் இருட்டுத் தேக்கம் ஞாபகம் வருகிறதா?) பத்து வருடத்துக்கு மேல் இதையே விடாமல் ஆராய்ந்து இன்னொன்றையும் காட்டினார். வேலை ஒரே கையில் நடப்பதில்லை. ஒரு வகை உயிரி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அவற்றைத் தனியாகப் பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை.

1890-ல் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார். மற்றவர்கள் தோற்றதற்குக் காரணம் எளியது. கிருமி என்றால் ஜெலட்டின் போட்டு வளர்ப்பார்கள். இந்த பாக்டீரியாக்களுக்கு அந்தச் சாப்பாடே பிடிக்காது. அம்மோனியாவைச் சிதைத்து வரும் சக்தியில், செடி மாதிரி கரியமில வாயுவிலிருந்து உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. அதனால்தான் வளர்ச்சி இத்தனை மெதுவாக இருக்கிறது.

வந்து சேராத பதில்

1890-களுக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. விவசாயிகளுக்குத் தெரிந்தது. சாக்கடை நீரைச் சுத்திகரிப்பவர்களுக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் மணல் படுகையில் சாக்கடை நீரை விட்டு அப்போதே பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீட்டுத் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் அப்பா வாரிங்டனின் வாயுக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் செத்தால் செடி போதவில்லை என்றார்கள். மகனின் கட்டுரைகளும் அப்பாவின் கட்டுரையும் அதே வேதியியல் சங்கத்தோடு தொடர்புள்ளவை. நூலக அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

1949-ல் ஜேம்ஸ் ஆட்ஸ் என்ற அமெரிக்க மீனியலாளர், சமநிலைத் தொட்டி என்பது ஒரு கட்டுக்கதை என்று எழுதினார். தொட்டியில் ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்துதான் வருகிறது, மீன் வாழச் செடி கட்டாயம் இல்லை என்பது அவர் வாதம். அப்படியானால் தண்ணீரைக் கெடுப்பது வேறு ஏதோ என்ற கேள்வி எழுந்தது. அதன் பிறகான சில பத்தாண்டுகளில்தான் ஃபில்டர் என்பது வெறும் அழுக்குச் சல்லடை இல்லை, பாக்டீரியா குடியிருக்கும் வீடு என்ற எண்ணம் வீட்டுத் தொட்டிவரை இறங்கி வந்தது.

புதுத் தொட்டியில் உண்மையில் நடப்பது

இப்போது என் தொட்டியைத் திரும்பப் பார்க்கலாம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மீந்த தீனியும் கழிவும் அழுகினால் இன்னும் அம்மோனியா. இது நிறமில்லாதது. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உள்ளே இருக்கும். செவுளை அரிக்கும். மீன் மூச்சுத் திணறி மேலே வரும்.

தண்ணீரின் காரத்தன்மையும் இதில் முக்கியம். அம்மோனியாவின் ஒரு பங்குதான் கடுமையான விஷ வடிவில் இருக்கும், மீதி அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியம். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் விஷப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் நூற்றில் ஐந்து. கிட்டத்தட்ட பத்து மடங்கு! காரமான போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சில நாட்களில் முதல் வகை பாக்டீரியா பெருகி அம்மோனியாவைக் குறைக்கும். அப்போது நைட்ரைட் ஏறும். இதுவும் விஷம். இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனுக்குக் கிடைக்காது. பிறகு இரண்டாம் வகை பெருகி நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தச் சுற்று முழுமையாக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும்.

பால் மாதிரி வெள்ளை மங்கல் என்பது என்ன? பெரும்பாலும் அழுகலைத் தின்று வேகமாகப் பெருகும் வேறு வகை பாக்டீரியாக் கூட்டம். தீனியைக் குறைத்துக்கொண்டு விட்டுவிட்டால் பொதுவாகத் தானாகத் தெளியும். நான் அதைக் கண்டு பயந்து, வளர வேண்டியவற்றையும் சேர்த்துக் கழுவிவிட்டேன். ஒவ்வொரு கழுவலும் தொட்டியை முதல் நாளுக்கே கொண்டுபோனது. சுத்தம் செய்வதாக நினைத்து மீன்களைக் கொன்றது நான்தான்.

இன்னொரு கேள்வி வரலாம். பழைய காலத்தில் தினமும் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றி மீனைக் காப்பாற்றினார்களே? ஆமாம், அம்மோனியா சேரும் முன்பே கொட்டிவிட்டார்கள். அன்று தண்ணீரில் குளோரினும் கிடையாது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியதே 1908-ல்தான்.

கதை இன்னும் முடியவில்லை

இரண்டாம் வேலையை வீட்டுத் தொட்டியில் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. 1990-களின் பிற்பகுதியில் டிமோத்தி ஹோவனெக் குழு நன்னீர்த் தொட்டிகளை மரபணு முறையில் சோதித்தபோது நைட்ரோபாக்டர் தென்படவில்லை, நைட்ரோஸ்பைரா வகைதான் இருந்தது. 2005-ல் சியாட்டில் நகர மீன்காட்சியகத்தின் ஒரு தொட்டியிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற வேறொரு இனத்தைச் சேர்ந்த உயிரி அம்மோனியாவைத் தின்பதைக் கண்டு தனியே பிரித்தெடுத்தார்கள். 2015-ல் இன்னொரு வியப்பு. இரண்டு படிகளையும் ஒரே நைட்ரோஸ்பைரா தனியாகச் செய்துமுடிக்கிறது என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்பு நிலையத்தின் ஃபில்டர். மகன் வாரிங்டன் பிரித்துக் காட்டிய இரண்டு கைகள் சில இடங்களில் ஒரே கை என்று தெரிய 120 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் மீன் தண்ணீரிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மறுபடியும் ஒரு தொட்டி

இதையெல்லாம் படித்துவிட்டுத் தொட்டியை மறுபடியும் எடுத்தேன். குளோரின் நீக்கிய தண்ணீர். கல். ஏர் பம்ப். எதிர்வீட்டு மாமாவிடம் அவருடைய பழைய ஸ்பாஞ்சில் பாதியைக் கேட்டேன். "இந்த அழுக்கையாடா கேக்கற?" என்று சிரித்துக்கொண்டே வெட்டித் தந்தார். காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுவந்து என் ஃபில்டரோடு வைத்தேன். மீன் வாங்கவில்லை. தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, சோதனைக் கிட் வைத்து அளந்து நோட்டில் எழுதினேன்.

மீனில்லாத தொட்டிக்குத் தீனி போடுகிறவனைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு இறங்கியது. நைட்ரைட் ஏறியது. தண்ணீர் ஒரு தடவை மங்கியது. கை துறுதுறுத்தது, ஆனால் தொடவில்லை. இருபத்து நான்காம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது.

தங்கை அந்த நோட்டைப் பல நாள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ரெண்டு மட்டும் வாங்கலாமா அண்ணா?" என்றாள். இரண்டு மட்டும் வாங்கினோம். இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிறது. கல்லில் பழுப்புப் படிய ஆரம்பித்திருக்கிறது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்து வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் புதுத் தொட்டி மங்கினால், தயவுசெய்து எல்லாவற்றையும் கொட்டிக் கழுவாதீர்கள். மீன் உள்ளே இருந்தால் தீனியைக் குறையுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட் அளவு குறையும்வரை தேவைப்பட்டால் தினமும் இதைச் செய்யலாம். ஃபில்டரை நிறுத்தாதீர்கள், கழுவாதீர்கள். நல்ல பழைய தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் கொஞ்சம் அழுக்குக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றியவர்கள்தானே.

அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.